விளக்குக் கம்பங்கள் சொல்லும் வேகம்

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையிலே தைவி என்னும் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அருகருகாக இரண்டு ஊர்கள் இருக்கின்றன. பெரியது கார்டிகன் பட்டினம். வேல்ஸ் மக்கள் தம் மொழியில் அதனை அபெர்தைவி என்பர். 'அபெர்' என்றால் ஆற்றின் முகத்துவாரம். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் முகத்துவாரம் என்றே ஊர்ப்பெயர் வழங்கக் கேட்டுப் பழகிய நமக்கு இப்பெயரின் பொருள் விளங்க அதிக நேரம் செல்லாது. ஆற்றின் மறுகரையில், ஏறக்குறைய ஒரு மைல் தூரத்தில், குன்றின் சரிவிலே ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருப்பது செயின்ட் டொக்மேல்ஸ் என்னும் சிற்றூர். இதற்கும் வேல்ஸ் மொழியில் வேறொரு பெயர் உண்டு. அதனை உச்சரிக்க நான் பட்ட பாட்டைப் பார்த்து, நமது 'ழ'கரத்தைச் சொல்ல முயலும் வெள்ளைக்காரரை இனி ஒருபோதும் நகையாடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அவ்வூருக்குப் பிரயாணிகள் செல்வதற்குக் காரணங்கள் பல உள. பிரான்ஸ் தேசத்துத் தீரோன் சபைத் துறவிகள் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த மடாலயத்தின் இடிபாடுகள் ஊரின் நடுவே கிடக்கின்றன. எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்த காலத்தில் அதுவும் கலைந்தது. பக்கத்தில் ஒரு குளம், குளத்தில் வாத்துக்கள், குளத்து நீரால் சுழலும் பழைய மா ஆலை ஒன்று. பெம்புரோக் கரையோரமாக 186 மைல் நீளும் நடைபாதையின் வட முனையும் இவ்வூரே. நான் சென்றதோ இவற்றுள் ஒன்றற்காகவும் அன்று. அவ்வூர்த் தெருவிலே மோட்டார் வண்டிகள் எவ்வளவு வேகத்தில் ஓடுகின்றன என்று பார்ப்பதற்காகவே சென்றேன். இதைக் கேட்டு வாசகர்கள் சிரிக்கலாம். என்னைத் தங்கவைத்த விடுதிக்கார அம்மையாரும் சிரித்தார். ஆயினும், ஒரு தெருவில் வண்டிகள் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு உரியது, அத்தெருவில் வாழ்பவருக்கா, ஊர்ச் சபைக்கா, தலைநகரில் இருக்கும் அரசாங்கத்துக்கா என்ற கேள்வி இந்நாட்களில் வேல்ஸிலே எழுப்பியது போன்ற கிளர்ச்சியை வேறெங்கும் எழுப்பியதில்லை எனலாம். அக்கதை 2021ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தொடங்கிய சில ஊர்களுள் செயின்ட் டொக்மேல்ஸும் ஒன்று.

தலைநகராகிய கார்டிப்பிலிருந்து ரெயிலில் கார்மார்தன் வரை சென்று, அங்கிருந்து பஸ்ஸில் ஏறினால் மேடும் பள்ளமுமான பசும்புல் நிலங்களின் ஊடாகக் கார்டிகனை அடையலாம். நான் சென்றது 2025ஆம் ஆண்டு மே மாதம். வேலிகளில் முள்மரங்கள் வெண்மையாகப் பூத்திருந்தன. ஆட்டுக்குட்டிகள் தாயாடுகளின் பின்னே ஓடின. கண்ணைக் கவர்ந்த மற்றொன்றும் உண்டு: வளைவுகள்தோறும் தெருவின் மேலே பெரிய வெள்ளை எழுத்துக்களில் தீட்டப்பட்டிருந்த ஒரு சொல். 'அராவ்' என்பது அதன் ஒலி. அதன் கீழோ மேலோ அதே பொருள் தரும் ஆங்கிலச் சொல்லும் எழுதப்பட்டிருக்கும். 'மெல்ல' என்பதே அதன் பொருள். வேல்ஸ் மொழியில் ஒரு சொல்லும் அறியாத அந்நியன் அந்நாட்டில் முதன்முதலாகக் கற்றுக்கொள்ளும் சொல் இதுவாகத்தான் இருக்கும். வீதிப் பலகைகளில் தம் மொழி இடம் பெறவேண்டுமென்று 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் அந்நாட்டு இளைஞர் ஆங்கிலப் பலகைகளின் மேல் சாயம் பூசிச் சிறை சென்றனர். அதன் பயன் இன்று ஒவ்வொரு வளைவிலும் நின்று 'மெல்ல, மெல்ல' என்கின்றது.

கார்டிகனில் இறங்கி, பழைய கற்பாலத்தைக் கால்நடையாகக் கடந்தேன். பஸ் சாரதி என்னை இறக்கிவிடும்போது 'பாக்' என்று விளித்தார். நாம் 'ராசா' என்பதுபோல வயது வித்தியாசமின்றி அன்பாக வழங்கும் சொல் அது என்று பின்னர் அறிந்தேன்.

செயின்ட் டொக்மேல்ஸின் பெருந்தெரு பெயரளவிலேதான் பெரியது. இரண்டு மோட்டார் வண்டிகள் எதிர்ப்பட்டால் ஒன்று ஒதுங்கி நிற்கவேண்டிய இடங்கள் பல. வீடுகளின் வாயிற்படிகள் ஏறக்குறையத் தெருவிலேயே கால் நீட்டிக் கொண்டிருக்கின்றன. நடைபாதை சில இடங்களில் ஒரு பக்கத்தில் மாத்திரம் உண்டு. சில இடங்களில் எப்பக்கத்திலும் இல்லை. கோடை காலத்தில் அத்தெரு வழியாகத்தான் பொப்பிட் என்னும் மணற்கரைக்கு வண்டிகள் செல்லவேண்டும். இப்படிப்பட்ட தெருவிலே மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீற்றர், வேகத்தில் செல்லச் சட்டம் பல்லாண்டுகளாக இடங்கொடுத்து வந்தது. அதற்குக் காரணம் ஒரு விளக்குக் கம்பம்.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. பிரித்தானியச் சட்டத்தின்படி, 200 யாருக்கு மேற்படாத இடைவெளியில் தெருவிளக்குகள் இருக்குமாயின் அத்தெரு 'கட்டுப்படுத்தப்பட்ட தெரு' ஆகும். அங்கே வேறு பலகை எதுவும் வேண்டியதில்லை. விளக்கே வேகத்தைச் சொல்லும். இந்த விதி வந்த வரலாறு சுவையானது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீராவி வண்டிகள் ஊருக்குள் 2 மைல் வேகத்திலேயே செல்லலாம். வண்டிக்கு முன்னே ஒருவன் செங்கொடி பிடித்து நடக்கவும் வேண்டும். 1903ஆம் ஆண்டில் எல்லை 20 மைலாக உயர்த்தப்பட்டது. அப்போதே உள்ளூர் அதிகாரிகள் கேட்டுக்கொண்டால் குறிப்பிட்ட இடங்களில் 10 மைல் எல்லை விதிக்கலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஊரார் கேட்பது, மேலிடம் கொடுப்பது என்ற முறை அன்றே தோன்றிவிட்டது. 1930இல் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஒருவரும் மதிக்காத சட்டம் எதற்கு என்று மோட்டார் கார்களுக்குரிய வேக எல்லையை அடியோடு நீக்கிவிட்டார்கள். 1934ஆம் ஆண்டில் மாத்திரம் பிரித்தானிய வீதிகளில் 7,343 பேர் மாண்டனர். அதன்மேல்தான், ஹோர்-பெலிஷா போக்குவரத்து மந்திரியாயிருந்த காலத்தில், கட்டடங்கள் நிறைந்த இடங்களுக்கு 30 மைல் எல்லை வகுக்கப்பட்டு, 1935ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் தேதி முதல் அமலுக்கு வந்தது. கட்டடம் நிறைந்த இடம் எது என்று சாரதி எப்படி அறிவான்? விளக்குக் கம்பத்தைப் பார்த்து அறிவான். அவ்வளவே.

ஆக, செயின்ட் டொக்மேல்ஸில் ஒரு காலத்தில் யாரோ விளக்கு நாட்டினார்கள். அந்த விளக்கே அதன் தெருவுக்கு 30 மைல் என்று எழுதி வைத்தது. தெருவின் அகலத்தையோ, அதிலே நடப்பவர் கிழவரா குழந்தையா என்பதையோ கம்பம் கேட்கவில்லை.

அந்த எல்லையைக் குறைக்க ஊரார் விரும்பினால் என்ன செய்வது? ஊருக்கென்று ஒரு சமூகசபை இருக்கிறது. நமது பழைய கிராமச் சங்கத்தைப் போன்றது. அதற்கு வேகத்தைப் பற்றி அதிகாரம் எதுவும் இல்லை. கேட்க மாத்திரம் அதிகாரம் உண்டு. அதிகாரம் மாவட்டச் சபைக்கு உரியது. அத்தகைய சபைகள் வேல்ஸில் 22 உள. சபைதான் வீதிகளின் அதிபதி. சபை தானும் முற்காலத்தில் 20 மைல் எல்லை வைக்க மத்திய மந்திரியின் சம்மதம் பெறவேண்டும். 1999ஆம் ஆண்டில்தான் அந்தச் சம்மதம் வேண்டியதில்லை என்று ஆயிற்று. எனினும் ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனிக் கட்டளை எழுதவேண்டும். பொலிசாரைக் கலந்தாலோசிக்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்யவேண்டும் (பத்திரிகையில் ஒருவரும் படிக்காத பக்கம் இருக்கிறதே, அந்தப் பக்கத்தில்). ஆட்சேபம் சொல்ல 21 நாள் கொடுக்கவேண்டும். பின்னர் பலகை நாட்டவேண்டும். இவ்வளவுக்கும் பணம் வேண்டும். பணம் இல்லாத சபை எந்தத் தெருவை முதலில் எடுக்கும்? விபத்து நடந்த தெருவை. ஆகவே, எல்லை குறைய வேண்டுமாயின் முதலில் யாராவது அடிபட வேண்டும் என்பது எழுதாத சட்டமாயிற்று. இதனை எனக்கு இவ்வாறே விளக்கியவர் விடுதிக்கார அம்மையார். சிரித்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

இந்த முறையினால் விளைந்தது யாது? 2023ஆம் ஆண்டுக்கு முன் வேல்ஸ் வீதிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே 20 மைல் எல்லைக்கு உட்பட்டிருந்தன.

வேக எல்லை விதிக்கும் அதிகாரம் லண்டனிலிருந்து வேல்ஸ் அரசாங்கத்தின் கைக்கு 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்தது. அவர்கள் செய்த காரியம் ஒரு வரியில் அடங்குவது. விளக்குக் கம்பத்தின் வாயில் 30 என்று இருந்ததை 20 என்று மாற்றினார்கள். முன்பு தெருக்கள் எல்லாம் 30. சபை கட்டளை எழுதினால் 20. பின்பு தெருக்கள் எல்லாம் 20. சபை கட்டளை எழுதினால் 30. சபையின் அதிகாரத்தில் ஓர் அணுவும் குறையவில்லை. குறைந்ததும் கூடியதும் வேறு: யார் முதலில் எழுந்து பேசவேண்டும், யார் செலவழிக்க வேண்டும், யார் காரணம் காட்டவேண்டும் என்பதே மாறியது. குழந்தையை வைத்திருக்கும் தாய் விண்ணப்பம் எழுதிய காலம் போய், வேகமாகப் போக விரும்புகிறவர் விண்ணப்பம் எழுதும் காலம் வந்தது. இத்தகைய சிறு மாற்றத்தில்தான் பெரிய அரசியல் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதனை நாடெங்கும் விரிக்குமுன் எட்டு இடங்களில் பரீட்சித்தார்கள். செயின்ட் டொக்மேல்ஸ் அவற்றுள் ஒன்று. வடக்கே பக்லி என்ற பட்டினம் மற்றொன்று. அதற்குப் பின்னர் வருவேன். 2022 யூலையில் வேல்ஸ் பாராளுமன்றமாகிய செனத் கட்டளையை அங்கீகரித்தது. 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அது அமலுக்கு வந்தது. ஐக்கிய இராச்சியத்தில் இவ்வாறு செய்த முதல் நாடு வேல்ஸ். ஐரோப்பாவில் ஸ்பெயின் 2021 மே மாதத்திலேயே பக்கத்துக்கு ஒரு நிரையுள்ள நகரத் தெருக்களுக்கெல்லாம் 30 கிலோமீற்றர் எல்லை வகுத்துவிட்டது. வேல்ஸின் 20 மைல் 32 கிலோமீற்றருக்குச் சமானம்.

நான் பிற்பகல் வேளையில் மடாலயத்தின் பக்கத்தில், தேவாலய மதிலின் மேல் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தேவாலயத்தின் உள்ளே சக்ரானுஸ் என்பவனின் பெயர் பொறித்த கல்லொன்று இருக்கிறது. லத்தீனிலும், பண்டை அயர்லாந்து மக்களின் ஒகம் என்னும் கீற்றெழுத்திலுமாக இரு மொழியில் எழுதியது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமையது. ஒகம் எழுத்தைப் படித்தறிய இக்கல்லும் உதவிற்று. அறிஞர் கண்ணில் படுமுன் இக்கல் ஓடையின் மேல் பாலமாகக் கிடந்து ஊராரின் கால்களைத் தாங்கிக்கொண்டிருந்ததாம். அவ்வூரின் முதல் இருமொழிப் பலகையும் அதுவே என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டிகள் மெல்ல வந்தன. எல்லாம் 20 மைலில் வரவில்லை, எனக்கே தெரிந்தது. பொலிசாரும் அந்நாட்டில் 26 மைல் வரையில் பொறுத்துக்கொள்வது வழக்கம். ஆயினும் சாரதிகளின் முகத்தைப் பார்க்க முடிந்தது. இது சிறு விஷயம் போலத் தோன்றலாம். முகத்தைப் பார்க்க முடிந்தால் தெருவைக் கடக்கலாமா என்று கண்ணாலேயே கேட்கலாம். அவரும் தலையை அசைக்கலாம். கூடை தூக்கிய ஒரு மூதாட்டி அப்படிக் கேட்டு அப்படிக் கடந்ததை அந்த மதிலின் மேல் இருந்தபடி கண்டேன்.

கணக்கும் இருக்கிறது. பிரித்தானிய வீதி விதிநூலின்படி 20 மைல் வேகத்தில் வரும் கார் அபாயத்தைக் கண்டு நிற்பதற்கு 12 மீற்றர் தூரம் வேண்டும். 30 மைல் வேகத்தில் வருவது நிற்க 23 மீற்றர் வேண்டும். இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு மீற்றருக்கு அப்பால் ஒரு சிறுவன் பந்தின் பின்னே தெருவில் ஓடி வருகிறான். மெல்ல வந்த கார் அவன் முன்னே நின்றுவிடும். வேகமாக வந்த காரோ, சாரதி திடுக்கிட்டுத் தடையை மிதிப்பதற்குள்ளேயே 9 மீற்றரைக் கடந்துவிடும். எஞ்சிய 3 மீற்றரில் அதன் வேகம் எவ்வளவு குறையும்? அதே விதிநூலின் எண்களைக்கொண்டு கணித்தால், அச்சிறுவன் நிற்கும் இடத்தை அது அடையும்போதும் 26 மைலுக்குக் குறையாத வேகத்தில் இருக்கும். எல்லைகள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 மைல். சிறுவனுக்கு உள்ள வித்தியாசம் பூச்சியத்துக்கும் 26க்கும் இடைப்பட்டது.

இரவு உணவின்போது விடுதிக்கார அம்மையாரிடம் ஊரார் எல்லோரும் இதை விரும்புகிறார்களா என்று கேட்டேன். எல்லோரும் விரும்பும் காரியம் இவ்வூரில் ஒன்றே உண்டு, அது மழை நிற்பது என்றார். ஊருக்குள்ளே மெல்லச் செல்வதில் தமக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் கார்டிகனுக்கு அப்பால் வீடு வாசல் அருகிப்போன இடத்திலும் விளக்கு நிற்கும்வரை ஊர்ந்து செல்வது எரிச்சல் தருகிறது என்பது அவர் கட்சி.

மறுநாள் வடக்கே புறப்பட்டேன். கார்டிகனிலிருந்து அபெரிஸ்ட்வித் வரை கடலோரமாகச் செல்லும் பஸ் மிக அழகான பாதையில் போகிறது. வழியிலே அபெரைரன் என்ற துறைமுகத்தில் வீடுகளுக்கெல்லாம் மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயம் தீட்டியிருக்கிறார்கள்; தட்டிலே பலகாரம் அடுக்கியதுபோல் இருந்தது. ஊர்தோறும் பஸ் வேகத்தைக் குறைத்தது. ஊர் முடிந்ததும் கூட்டியது. இந்தப் பாதை பெருவீதியாகையால் இதன் அதிபதி மாவட்டச் சபை அன்று. கார்டிப்பில் உள்ள அரசாங்கமே. அதாவது, தன் வீட்டு வாயிலில் ஓடும் தெருவைப் பற்றி இங்கே ஒருவர் முறையிட வேண்டுமாயின் அம்முறையீடு நூறு மைல் போகவேண்டும். ஊரை ஊடறுக்கும் தெருவே ஊருக்கு மிக அந்நியமானது என்பது பெருவீதியோர ஊர்களின் பொதுத் துன்பம் போலும். பக்கத்து ஆசனத்தில் இருந்த ஒருவர், புதிய சட்டம் வந்த நாள் முதல் பல இடங்களில் பஸ்கள் நேரத்துக்கு வருவதில்லை என்று முறையிட்டார். பஸ் கம்பெனிகளும் அவ்வாறே முறையிட்டதுண்டு. நியாயமான முறையீடு. கார் உள்ளவனுக்கு ஒரு நிமிடம் பிந்துவது ஒரு நிமிடந்தான். பஸ்ஸுக்கு நிற்பவனுக்கு அடுத்த பஸ் தவறினால் ஒரு மணி.

அபெரிஸ்ட்வித்திலிருந்து ரெயிலேறி, ஆங்கில நாட்டுக்குள் புகுந்து ஷ்றூஸ்பரியில் மாறி, மீண்டும் வேல்ஸுக்குள் றெக்சம் வந்து, அங்கே மறுபடியும் மாறிப் பக்லியை அடைந்தேன். பக்லி நிலையத்தில் இறங்கியவன் ஊரைக் காண நெடுந்தூரம் நடக்கவேண்டும்.

பக்லி, செயின்ட் டொக்மேல்ஸைப் போன்ற ஊரன்று. அது மேட்டின் மேல் இருக்கும் உழைப்பாளர் பட்டினம். செங்கல்லுக்கும் மட்பாண்டத்துக்கும் ஒரு காலத்தில் பேர்போனது. சூளைகள் அவிந்துவிட்டன. வேலை இப்போது செஸ்டரிலும் ஆற்றுக்கு இப்பாலுள்ள தொழிற்சாலைகளிலும். ஆகவே காலையும் மாலையும் ஊரே வண்டியில் இருக்கிறது. தெருக்கள் அகலமானவை, நீண்ட இறக்கங்கள் பல. வெளியூரார் அவ்வூரின் ஊடே போவது அதிகம். இவ்விடத்தில் 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் பரீட்சை தொடங்கியதும் எதிர்ப்பும் தொடங்கியது. ஊரார் மனு எழுதினர். இறக்கத்தில் 20 மைலைக் காக்க வேண்டுமானால் தெருவைப் பாராமல் வேகமானியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றனர். எல்லையைக் காப்பவனின் முதுகில் பின்வருபவன் ஏறாக்குறையாக ஒட்டிக்கொண்டு வருகிறான் என்றனர். அது பரீட்சை, ஊரார் சொன்னதைக் கேட்டுத் திருத்துவதற்காகவே பரீட்சை. ஆனால் தாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு அதையே நாடெங்கும் விரித்தார்கள் என்ற ஆற்றாமையை நான் அங்கே இரண்டு கடைகளிலும் ஒரு தேநீர்ச்சாலையிலும் கேட்டேன்.

நாடெங்கும் விரிந்தபோது அந்த ஆற்றாமையும் விரிந்தது. செனத்துக்கு அனுப்பப்பட்ட எதிர்ப்பு மனுவில் நாலு இலட்சத்து அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஒப்பங்கள் விழுந்தன. நாட்டின் சனத்தொகை முப்பத்தொரு இலட்சமளவில் என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும். பலகைகளின் மேல் சாயம் பூசினார்கள். மொழிக்காகச் சாயம் பூசிய நாட்டில் வேகத்துக்காகவும் பூசினார்கள். அக்காலத்தில் முதன் மந்திரியாயிருந்த மார்க் டிரேக்போர்டும், போக்குவரத்தைப் பொறுப்பேற்றிருந்த லீ வாட்டர்ஸும் ஏச்சுக்கு ஆளாயினர். 2024 மார்ச்சில் இருவரும் அப்பதவிகளை விட்டு விலகினர்.

மனுவில் ஒப்பமிட்டோர் எல்லோரையும் வேகப்பித்தர் என்று தள்ளிவிடுவது எளிது, சரியன்று. பக்லித் தேநீர்ச்சாலையில் என்னோடு பேசிய முதியவர் பள்ளிக்கூடத்தின் முன் 20 மைல் என்பதைத் தாமே பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தவர். அவருடைய மனக்குறை வேறு. மாவட்டச் சபைக்கு அதிகாரம் இருக்கிறது என்று கார்டிப் சொல்கிறது. சபையைக் கேட்டால், கார்டிப் வகுத்த விதிமுறை கையைக் கட்டிவிட்டது என்கிறது. இருவருக்கும் நடுவே தாம் நிற்கிறார் என்றார்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. எத்தெருவுக்கு 30 மைல் விலக்கு அளிக்கலாம் என்பதற்கு அரசாங்கம் முதலில் கொடுத்த வழிகாட்டி மிக நுணுக்கமானது. தெருவிலிருந்து 100 மீற்றர் நடைக்குள் பள்ளிக்கூடமோ, ஆஸ்பத்திரியோ, சமூக மண்டபமோ உண்டா? கிலோமீற்றருக்கு 20க்கு மேற்பட்ட வீடு கடைகள் தெருவை நோக்கி நிற்கின்றனவா? நின்றால் விலக்கு அளிப்பது அரிது. இவற்றை மீறிச் சபை விலக்கு அளித்தால், நாளை அத்தெருவில் ஒரு பிள்ளை அடிபட்டால், பழி சபையின் தலையில். எந்த உத்தியோகத்தர் அதற்குத் துணிவார்? அதிகாரம் கையில் இருப்பதும், அதைப் பிரயோகிக்கத் துணிவு இருப்பதும் ஒன்றல்ல. ஆகவே சில சபைகள் கைவிரல் எண்ணிக்கையிலேயே விலக்கு அளித்தன.

2024இல் போக்குவரத்து மந்திரியாக வந்த கென் ஸ்கேற்ஸ் வடக்கு வேல்ஸைச் சேர்ந்தவர். சட்டத்தை அவர் நீக்கவில்லை. சரியான வேகம் சரியான தெருவில் இருக்கவேண்டும் என்று கூறி, ஊராரிடம் தெருத் தெருவாகக் கருத்துக் கேட்கச் செய்து, யூலையில் வழிகாட்டியைத் தளர்த்தினார். சபைகள் அதன்மேல் தம் தெருக்களை மறுபடி ஆராயத் தொடங்கின. 30க்குத் திரும்பும் ஒவ்வொரு தெருவுக்கும் பழையபடி கட்டளை, விளம்பரம், 21 நாள். அத்தெருவில் விளக்குக் கம்பம் பொய் சொல்லுமாகையால் இடையிடையே 30 என்ற சிறு பலகைகளும் நாட்டவேண்டும்.

இதற்கிடையில் பொலிசாரின் ஏட்டிலிருந்து எண்கள் வரத் தொடங்கின. சட்டம் வந்தபின் முதல் ஓராண்டில், 20 மைலும் 30 மைலும் எல்லையாக உள்ள தெருக்களில் விபத்துக்குள்ளானோர் தொகை முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறைந்திருந்தது. அளந்து பார்த்த தெருக்களில் சராசரி வேகம் முதற் சில வாரங்களிலேயே ஏறக்குறைய 4 மைல் இறங்கியிருந்தது. 20க்கு இறங்கவில்லை, பலர் 25 அளவில்தான் ஓட்டினார்கள். அரைகுறையாகக் கீழ்ப்படிந்ததற்கே இவ்வளவு பலன் என்பது எனக்கு வியப்பளித்தது. ஓராண்டுக் கணக்கை வைத்து முடிவு கட்டலாகாது என்போர் உண்டு. கட்டவேண்டியதில்லை, ஆனால், அடிபடாமல் வீடு திரும்பியவர் யார் யார் என்று எந்த ஏடும் காட்டமாட்டாது. அடிபடாதவன் மனு எழுதுவதும் இல்லை. தேநீர் ஆறிப்போவதைக் கவனியாமல் இதனை அம்முதியவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தம் தெருவைப் பற்றித் தம்மைக் கேட்டிருந்தால் தாமே 20 என்று சொல்லியிருப்பார் என்றும், கேளாமல் விதித்ததனால்தான் மனுவில் ஒப்பமிட்டார் என்றும் சொன்னார்.

அவரிடம் விடைபெற்று, மோல்ட் பட்டினத்தை நோக்கிச் செல்லும் தெருவில் பஸ்ஸுக்காக நின்றேன். நேரம் இருந்தமையால் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை காலடியால் அளந்தேன். எனது அடிக்கு நாற்பதுக்குச் சற்று மேல். சட்டம் அனுமதித்த 200 யாரில் கால்பங்குகூட இல்லை. அடுத்ததும் அவ்வாறே. மூன்றாவது கம்பத்தை அடையுமுன் பஸ் வந்துவிட்டது, மெல்லத்தான்.